சோமர்ஸ்பி தெருவின் ஸ்டாம்பு மேபல்

வெள்ளிக்கிழமை பிற்பகல் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஆபீசுகளில் வாரப்பணம் கொடுப்பார்கள். கடலுக்குப் போன கணவன்மாரின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பெண்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, இறைச்சிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் போய்விட்டு வீடு சேர நாலரை ஆகிவிடும். மேபல் ஸ்டேதர்ஸ் நாலே முக்காலுக்குத் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்குவாள். அதற்கு முன்னால் போனால் அவர்கள் கையில் காசு வந்திருக்காது. பின்னால் போனால் இருக்காது.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், ஹெஸ்ஸல் ரோட்டிலிருந்து துறைமுகப் பக்கமாகப் பிரியும் தெருக்களில் சோமர்ஸ்பி தெருவும் ஒன்று. அறுபத்திரண்டு வீடுகள். மீனைப் புகைபோடும் கூடங்களின் வாசனை திரைச்சீலையிலும் ரொட்டியிலும் ஏறியிருக்கும். தெருக்காரர்களின் மூக்குக்கு மட்டும் அது தெரியாது. மேபல் கதவைத் தட்டமாட்டாள். திறந்து, "நான்தான்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். ஒருத்தி மாவுக் கையோடு இருப்பாள். இன்னொருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். அடுப்பு மேடைமேல் காசு தயாராக இருக்கும். மேபல் தோல்பையிலிருந்து ஆறு பென்ஸ் ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுப்பாள். அதில் குட்டி இளவரசியின் படம். அதைச் சேமிப்பு அட்டையில் பெரிய ஸ்டாம்பிலிருக்கும் இளவரசனுக்குப் பக்கத்தில் ஒட்டுவதா, தள்ளி ஒட்டுவதா என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளும். அட்டை நிறைந்ததும் தபால் ஆபீசில் கொடுத்து, அரசாங்கத்தின் சேமிப்புப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். பத்திரத்தைப் பூட்டி வைத்தால் வருஷத்துக்கு வருஷம் வட்டி ஏறும். வேண்டும்போது எழுதிப் போட்டால் பணம் வந்துவிடும். ஏதோ பெரிய வட்டி இல்லை. ஆனால் போட்டது போகாது.

போர்க்காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில், தெருவுக்கு ஒரு சேமிப்புக் குழு வேண்டும் என்று அரசாங்கம் கேட்டபோது மேபலிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவளுடைய கையெழுத்து நன்றாக இருந்தது ஒன்றுதான் காரணம். சம்பளம் கிடையாது. போர் முடிந்ததும் அக்கம்பக்கத் தெருக்களில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மேபல் கலைக்கவில்லை. அவளுக்கு "ஸ்டாம்பு மேபல்" என்று பெயரே வந்துவிட்டது. மீன் பெட்டி இறக்கும் வேலை பார்த்த அவள் கணவன் ஆர்னல்டை, "ஸ்டாம்பு மேபல் வீட்டுக்காரர்" என்று சொன்னால்தான் துறைமுகத்தில் தெரியும்.

அவளுக்கு இதில் இத்தனை பிடிப்பு வந்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அப்பா ஜேபஸ் மீன் பீப்பாய் செய்கிறவர். மேபலுக்குப் பதினான்கு வயதானபோது ரம்பத்தில் அவருக்கு இரண்டு விரல்கள் போயின. நஷ்ட ஈடாக வந்த பணத்தை எங்கே வைப்பது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த வாரத்தில், நல்ல தொப்பி போட்ட ஒருவர் வந்தார். புதிதாக நான்கு மீன்பிடிக் கப்பல்கள் கட்டப் போகிறார்களாம். பங்கு வாங்கினால் மூன்றே வருஷத்தில் இரட்டிப்பாகுமாம். அவர் கொடுத்த பங்குப் பத்திரத்தில் தங்க மையால் ஒரு கப்பல் அச்சிட்டிருந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூடக் கேட்டாள். ஒன்றரை வருஷத்தில் கம்பெனி மூழ்கியது. ஒரு கப்பல்கூடக் கட்டவில்லை. அம்மா மீன் அறுக்கப் போனாள். அப்பா அதைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை.

அதே தெருவில் இருந்த அத்தையிடம் முதல் உலகப் போரின்போது வாங்கிய அரசாங்கக் கடன் பத்திரம் ஒன்று இருந்தது. படம் கிடம் எதுவும் இல்லாத வெறும் காகிதம். ஜூன் மாதம் ஒரு தடவை, டிசம்பர் மாதம் ஒரு தடவை அதற்கு வட்டி வந்துவிடும். அந்த டிசம்பர் வட்டியில்தான் இரண்டு வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் வாத்து வாங்கினார்கள். கம்பெனி மூழ்கிய வருஷம் அந்த வாத்தைச் சாப்பிட்டபோது அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை என்பது மேபலின் மனதில் தங்கிவிட்டது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் டோரீன் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தாள். இருபத்தொரு வயது. கணவன் கிளெம் பிளெங்கின் கப்பலில் வலை இழுக்கிறவன். ஐஸ்லாந்துப் பக்கம் மூன்று வாரம் போய்விட்டு மூன்று நாள் கரைக்கு வருவான். அந்த மூன்று நாளும் வெளிர்நீல சூட்டு போட்டுக்கொண்டு, பத்தடி தூரத்தில் இருக்கும் பாருக்கும் டாக்ஸியில் போவான். டாக்ஸியை வாசலிலேயே நிற்க வைப்பான். எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுப்பான். நல்ல மனிதன், கையில் ஓட்டை.

அவன் கடலுக்குக் கிளம்பிய ஒரு நாள் டோரீன் மேபல் வீட்டுக்கு வந்தாள். கப்பல் புறப்படும் நாளில் துணி துவைத்தால் ஆளைக் கடல் கொண்டுபோய்விடும் என்று நம்பியதால் அன்று அவளுக்கு வேலை அதிகமில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், பெரிய ஸ்டாம்பு ஒன்றுக்கான அரை கிரவுன் நாணயத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மேபல் ஆன்ட்டி, அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க வீட்டுல வச்சா அவரு கண்ணுல பட்டுரும்."

"பட்டா அடிப்பானா?"

"சேச்சே. எடுத்துட்டுப் போய் யாருக்காவது விருந்து வச்சுருவாரு."

மேபலுக்கு மனைவி கணவனிடம் மறைப்பது பிடிக்காது. ஆனாலும் தங்கக் கப்பல் படம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். அட்டையை வாங்கி அலமாரியில் மேஜைவிரிப்புகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து டோரீனின் ஸ்டாம்புகளும், பிறகு அவள் பெயரில் வந்த பத்திரங்களும் அங்கேதான் இருந்தன.

இதில் மேபலுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவள் மெதடிஸ்ட் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள், பொய் சொல்லமாட்டாள். கிளெம் கரைக்கு வரும்போதெல்லாம் அவளைத் தெருவில் மறித்து நிறுத்துவான்.

"என்ன மிஸஸ், கவர்மென்ட் சௌக்கியமா? என் காசு பத்திரமா இருக்கான்னு கேட்டீங்களா?"

டோரீனின் அட்டையைப் பற்றி எதுவும் தெரியாமல் அவன் விளையாட்டுக்குக் கேட்பான். மேபலுக்கு வியர்க்கும். "கேட்டுச் சொல்றேன் கிளெம்" என்பாள். இன்னொரு தடவை, "கவர்மென்ட் உன்ன ரொம்ப விசாரிச்சுது" என்பாள். கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பதில் எப்படி வரவேண்டும் என்று வியாழக்கிழமை பாத்திரம் கழுவும்போதே அவள் யோசித்து வைத்துக்கொள்வதை ஆர்னல்ட் மட்டும் அறிவான்.

ஐம்பத்தாறில் அரசாங்கம் புதிதாகப் பரிசுப் பத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வட்டி கிடையாது, மாதா மாதம் குலுக்கல். போட்ட பணம் அப்படியே இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஆயிரம் பவுன் வரைக்கும் விழும். தெருவே அதைப் பற்றிப் பேசியது. சூதாட்டத்துக்கு அரசாங்கமே கடை விரிக்கிறது என்று போதகர் பாஷ்பி ஞாயிறு பிரசங்கத்தில் காய்ந்தார். மேபல் அவரைத் தனியாகப் பார்த்து, முதல் போகாது என்றால் அது எப்படிச் சூதாகும் என்று கேட்டாள். வட்டியை வைத்து ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான் என்றார் அவர். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பத்திரத்துக்கு மட்டும் தன்னிடம் வரவேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள்.

முப்பத்தொன்பதாம் நம்பர் வீட்டு மிஸஸ் கில்லியனுக்குக் கண் பார்வை மங்கல். தபால் ஆபீசுக்கு யாராவது கூட்டிக்கொண்டு போனால் பரிசுப் பத்திரம் ஒன்று வாங்கலாம் என்று நாலைந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் மேபலே கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். வாசல்வரைக்கும்தான். உள்ளே போகாமல், தூறலில் குடையும் இல்லாமல் வெளியிலேயே நின்றாள். அடுத்த வருஷம் அந்தக் கிழவிக்கு இருபத்தைந்து பவுன் விழுந்தது. ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிக்கொண்டு, ஐந்து பவுனைக் கோயில் ஆர்கன் நிதிக்குக் கொடுத்தாள். எங்கிருந்து வந்த பணம் என்று போதகர் பாஷ்பி கேட்கவில்லை. மேபலும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆர்கன் வாசிக்கும்போதெல்லாம் தனக்கு இருமல் வந்துவிடுகிறது என்று ஆர்னல்டிடம் சொன்னாள்.

அந்த வருஷங்களைத்தான் பின்னாளில் அவள் அதிகம் நினைத்துக்கொண்டாள். கப்பல்கள் நிறையப் போயின, நிறைய மீன் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவள் பை கனக்கும். பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடி வரும். பன்னிரண்டாம் நம்பரில் உருளைக்கிழங்கும் மூலிகையும் பிசைந்து பொரித்த கட்லெட்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டே மீதித் தெருவை நடப்பாள். கல்யாணத்துக்கு, தையல் மெஷினுக்கு, பிரிட்லிங்டனில் ஒரு வாரம் கடற்கரை வாசத்துக்கு என்று அந்த ஸ்டாம்புகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றாக மாறின. கப்பல் திரும்பி வராத வீடுகளும் இருந்தன. அந்த வீடுகளுக்கும் வெள்ளிக்கிழமை அவள் போவாள். பையை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போவாள்.

எழுபதுகளில் விலைவாசி ஏறத் தொடங்கியது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபத்தைந்தில் ரொட்டி விலையும் நிலக்கரி விலையும் மாதத்துக்கு மாதம் மாறின. ஒரு வெள்ளிக்கிழமை மேபல் டோரீனின் சமையலறைக்குள் போனபோது, அடுப்பு மேடைமேல் காசு இல்லை. டோரீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

"ஒண்ணு கேக்கவா ஆன்ட்டி? எனக்குக் கல்யாணமான வருஷம் போட்ட பணத்துக்கு அப்ப ஒரு கட்டில் வாங்கியிருக்கலாம். மெத்தையோட. இன்னைக்கு வட்டியும் சேத்து எடுத்தா என்ன வரும்? தலகாணி வருமா?"

மேபல் திறந்த தோல்பையை மூடினாள்.

"பத்திரமா இருக்கும், பத்திரமா இருக்கும்னு இருபத்தினாலு வருஷமா சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரு குடிச்சாரு, கூத்தடிச்சாரு, சந்தோஷமாவாவது இருந்தாரு. நான் என்னத்தக் கண்டேன்?"

கத்தவில்லை அவள். சாதாரணமாகத்தான் கேட்டாள். மேபல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மீதி வீடுகளுக்குப் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கிளம்பவில்லை. முப்பத்துநான்கு வருஷத்தில் குண்டு விழுந்த வாரத்தில்கூட அப்படி நடந்ததில்லை. ஆர்னல்ட் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். காசு ஒன்றும் காணாமல் போகவில்லையே என்று ஆறுதலாகச் சொன்னான். காசு அங்கேயே இருந்தது, அதற்குள் இருந்தது போய்விட்டது என்றாள் மேபல். அப்பாவை ஏமாற்றிய தொப்பிக்காரருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார், நான் நல்ல எண்ணத்தோடு செய்தேன், வாங்கினவர்களுக்கு என்ன லாபம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை தபால் ஆபீசுக்குப் போய்க் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்தாள். புதிதாக ஒரு சேமிப்புப் பத்திரம் வந்திருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்குப் பணமும் ஏறுமாம். மேபல் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஆனால் பென்ஷன் வயது வந்தவர்களுக்கு மட்டும்தான். அதுவும் இவ்வளவுதான் போடலாம் என்று ஓர் அளவு இருந்தது.

மேபல் கட்டு நிறைய விண்ணப்பத் தாள் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் இருந்த கிழவர் கிழவிகளின் வீடுகளுக்குப் போனாள். பழைய பத்திரங்களைப் படுக்கைக்கு அடியிலிருந்தும், பிஸ்கட் டப்பாவிலிருந்தும், ஒரு வீட்டில் வாத்தியப் பெட்டிக்குள்ளிருந்தும் எடுக்க வைத்து, பணமாக்கி, புதியதில் போட வைத்தாள். கண் தெரியாதவர்களுக்கு அவளே எழுதினாள். பத்தொன்பது வீடு. எல்லாம் முடித்த பிறகுதான் டோரீனிடம் போனாள்.

"உனக்கு இது கெடைக்காது டோரீன். வயசு வரல."

"எனக்குத் தெரியும். பேப்பர்ல படிச்சேன்."

"நான் உனக்குத் தப்பா சொல்லிட்டேன். பணம் போகாதுன்னேன், அது நெசம். அதோட மதிப்பும் போகாதுன்னு நானே நம்பிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

டோரீன் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். பிறகு, இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அன்னைக்கு உங்ககிட்ட குடுக்காம இருந்திருந்தா தலகாணியும் இல்ல. அதையும் யோசிச்சேன். உக்காருங்க."

அடுத்த வருஷம் ஐஸ்லாந்தோடு மீன்பிடித் தகராறு முற்றி, அந்தக் கடல் ஹல் கப்பல்களுக்கு மூடப்பட்டது. கப்பல்கள் வரிசையாகத் துறைமுகத்தில் துருப்பிடித்து நின்றன; பிறகு உடைக்கப் போயின. கிளெமுக்கு ஐம்பது வயது. பதினைந்தாவது வயதில் கப்பல் ஏறியவன். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டவர்கள் தற்காலிக ஆட்கள், அதனால் நஷ்ட ஈடு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெளிர்நீல சூட்டு அலமாரிக்குள் போனது. அவன் காலையில் எழுந்து துறைமுகம் வரைக்கும் நடந்து போய், கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவான்.

ஒரு சனிக்கிழமை காலை மேபல் வீட்டு வாசலில் நின்றான். கையில் அவள் வீட்டு மேஜைவிரிப்புகளுக்கு அடியில் இருந்த பத்திரக் கட்டு. முந்தின நாள்தான் டோரீன் அதை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். உள்ளே வரச் சொன்னாள்.

கிளெம் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"இருபத்தஞ்சு வருஷம், மிஸஸ். தெருவுல நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். என் காசு பத்திரமா இருக்கா, இருக்கான்னு. ஊரெல்லாம் சிரிச்சுது. ஆனா நீங்க ரெண்டு பேரும் என்னப் பாத்துல்ல சிரிச்சிருக்கீங்க."

"நான் ஒருநாளும் சிரிக்கல கிளெம். பயந்துட்டுத்தான் நின்னேன்."

"பொய்யும் சொல்லல." அவன் கட்டைப் புரட்டிப் பார்த்தான். "ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சுட்டிருந்தேன். ஒவ்வொரு தடவயும் என்ன சொன்னீங்கன்னு. ஒரு தடவகூட பொய் சொல்லல. எப்படித்தான் சமாளிச்சீங்களோ."

மேபல் மன்னிப்பு கேட்டாள். அதை அவன் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. விலைவாசிக்கு முன்னால் இது பெரிய தொகை இல்லை என்று டோரீன் சொன்னதாகவும், ஆனால் தன் கையால் இந்த அளவு பணத்தை மொத்தமாக எப்போதும் தொட்டதில்லை என்றும் சொன்னான். பிறகு, இதை என்ன செய்வது, இன்னும் கொஞ்ச காலம் வைத்திருந்தால் ஏறுமா என்று கேட்டான்.

யார் கேட்டாலும் மேபல் அதுவரை ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருந்தாள்: அவசரப்படாதே, அப்படியே இருக்கட்டும். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எடுத்துடு கிளெம். இந்த மாதிரி நாளுக்காகத்தான் அவ சேத்தா. முழுசா எடுக்காத. வேல ஒண்ணு தேட எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடு. மிச்சம் கெடக்கட்டும்."

பாதிக்குமேல் எடுத்தான். பழைய வேன் ஒன்றை வாங்கி, ஐஸ் பெட்டி வைத்து, ஹல்லுக்கு வடக்கே இருக்கும் விவசாயக் கிராமங்களுக்கு மீன் விற்கப் போனான். மீனைப் பிடிக்கத்தான் தெரியுமே ஒழிய விற்கத் தெரியாது என்று டோரீன் தலையில் அடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் எடை போடுவதில் தாராளமாகத்தான் இருந்தான். டோரீன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு வியாபாரம் நிலைத்தது.

எழுபத்தெட்டில் அரசாங்கம் சேமிப்புக் குழுக்களையெல்லாம் நிறுத்தியது. ஸ்டாம்பும் அதற்குள் போயிருந்தது. மேபலுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. அச்சடித்த கடிதத்தில் அவள் பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள். கையெழுத்து சுமார்தான் என்றாள். கொஞ்ச வருஷத்தில் சோமர்ஸ்பி தெருவையும் இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். ஆர்னல்ட் அந்த மாற்றத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருந்தான். மேபலுக்கு நகரத்தின் வடக்கே மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. வெந்நீர்க் குழாய் இருந்தது, குளியலறை இருந்தது. காற்றில் எந்த வாசனையும் இல்லை. அதுதான் அவளுக்கு வெகுநாள் பழகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையோ மறந்துவிட்ட மாதிரி நிற்பாள்.

வியாழக்கிழமைகளில் கிளெமின் வேன் அந்தக் குடியிருப்புக்கு வரும். அவளுக்கு ஹாடாக் மீன் துண்டை முள் எடுத்து மேலே கொண்டுவந்து கொடுப்பான். உட்கார்ந்து கொஞ்சநேரம் பழைய தெருவைப் பற்றிப் பேசுவார்கள். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்பதில் இரண்டு பேருக்கும் எப்போதும் தகராறு வரும்.

எண்பத்துநான்கில் அரசாங்கம் டெலிபோன் கம்பெனியை விற்றபோது, பங்கு வாங்கலாமா என்று அவளிடம் கேட்டான். ஏறும் என்றால் இறங்கவும் இறங்கும், மூன்று வாரம் கடலுக்குப் போய் வெறும் வலையோடு வந்தது நினைவில்லையா என்று கேட்டாள். அவன் கேட்கவில்லை. வாங்கினான். ஒரே வாரத்தில் விற்று, நல்ல லாபம் பார்த்தான். அடுத்த வியாழக்கிழமை மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்து, மீனைக் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் சொன்னான்.

"உங்க கவர்மென்ட் இருபத்தஞ்சு வருஷத்துல குடுக்காதத எனக்கு ஒரே வாரத்துல குடுத்துருச்சு, மிஸஸ்."

"சந்தோஷம் கிளெம்" என்றாள் மேபல். "டோரீனுக்குத் தெரியுமா?"

கிளெம் மீன் பொட்டலத்தை நீட்டினான். இன்னும் சொல்லவில்லை, அவளுக்கு ஒரு கம்பளம் வாங்கிக் கொடுத்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றான். மேபல் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, டீ போடப் போனாள்.